வடக்கே தலை வைத்து

ஹெல்மெட்டின் பட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். பட்டையை இழுத்து ஒட்டும்போது கோடு ஓரத்தோடு சரியாகச் சேர வேண்டும். காலையில் நான் ஒட்டியபோது சேர்ந்திருந்தது. மதியம் மாமா இனியனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, கோடு அரை விரல் அளவு தள்ளி நின்றது.

கழற்றினீர்களா என்று கேட்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா மாமா?" என்றேன்.

"வையிம்மா. போராட்டம் இன்னிக்கு நாப்பத்தோராவது நாள். திருவாரூர்லேருந்து ரெண்டு வேன் வந்துச்சு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கறுப்பும் சிவப்பும் கரை போட்ட துண்டு.

இனியனுக்கு அப்போது ஏழு மாதம். தலையின் பின்பக்கம், வலது புறம், உள்ளங்கையால் அழுத்தி வைத்ததுபோலத் தட்டையாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் வலது காது இடது காதைவிட முன்னால் தள்ளியிருக்கும். சென்னையில் முதலில் தலையைக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தபோது வித்தியாசம் பதினான்கு மில்லிமீட்டர். அதற்காகத்தான் ஹெல்மெட். சென்னையில் அளவெடுத்துச் செய்தது. ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம் போட்டிருக்க வேண்டும். குளிப்பாட்டவும் உள்பக்கத்தைத் துடைக்கவும் ஒரு மணி நேரம். ஹெல்மெட் தலையை அமுக்காது. புடைத்த பக்கம் தடுத்துக்கொண்டு, தட்டையான பக்கம் கொஞ்சம் இடம் விட்டுக் காத்திருக்கும். தலை வளர்ந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பத்து மாதம் தாண்டினால் வளரும் வேகம் குறைந்துவிடும் என்றார் டாக்டர். ஆக, எங்களுக்கு இருந்தது மூன்று மாதம்.

நான் தினமும் அளந்தேன். பள்ளியில் வாங்கிய இரண்டு மூலைமட்டங்களைத் தலையின் இரு பக்கமும் நிறுத்தி, நடுவில் ஸ்கேலை வைத்துப் படிப்பேன். அவன் அசைவான். மறுபடி வைப்பேன். ஐந்து முறை அளந்து சராசரி எடுத்து ஒரு நோட்டில் எழுதுவேன். அப்படியெல்லாம் அளக்க வேண்டாம், பிழை அதிகம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிழை எவ்வளவு வரும் என்று எனக்கே தெரியும். கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் நான். இருந்தும் அளந்தேன்.

*

பிரசவம் முடிந்து அம்மா வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் இங்கே வந்தேன். குத்தாலத்திலிருந்து நாலு கிலோமீட்டர். வீட்டில் மாமனார் தங்கையனும் நானும்தான். அத்தை இறந்து நாலு வருஷம் ஆகிறது. கணவர் செல்லதுரைக்குக் கத்தாரில் வேலை.

பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது மயிலாடுதுறை டாக்டர் தலையைத் தடவிப் பார்த்தார்.

"இவன் எப்பவும் வலது பக்கமே திரும்பிப் படுக்கிறானா?"

"ஆமா சார்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஜன்னல்."

"அதான். வெளிச்சத்தைப் பாக்கிறான். ஒண்ணும் பயப்படாதீங்க. கட்டில்ல தலைமாட்டையும் கால்மாட்டையும் மாத்திப் போடுங்க. ஜன்னலைப் பாக்கணும்னா இடது பக்கம் திரும்புவான். முழிச்சிருக்கிறப்ப கவுத்துப் போடுங்க. ரெண்டு மாசத்துல தலை உருண்டு வந்திடும்."

அவ்வளவு சுலபமான வைத்தியம். வீட்டுக்கு வந்ததும் செய்தேன். எங்கள் அறை குறுகல், கட்டில் தெற்கு வடக்காகத்தான் கிடக்கும். ஜன்னல் கிழக்கே. இதுவரை தெற்கே இருந்த தலையணையை வடக்கே கொண்டுபோனேன். இனியனைக் கிடத்தினேன். உடனே இடது பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா நெற்கட்டைப் போட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்றார்.

"ஏம்மா, வடக்க தலை வச்சிப் போட்டிருக்கே?"

"டாக்டர் மாத்திப் போடச் சொன்னாங்க மாமா."

"நம்ம வீட்டுல எது வடக்குன்னு அவருக்கென்ன தெரியும். திருப்பிப் போடு."

நான் நின்றேன்.

மாமா மூடநம்பிக்கை உள்ளவர் அல்ல. பதினேழு வயதில் கட்சியில் சேர்ந்தவர். தன் கல்யாணத்தை வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்துக்கொண்டவர். எங்கள் கல்யாணத்தை ஆடி மாதத்தில் நடத்தினார். மண்டபம் காலியாகக் கிடைத்தது, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. பேரனுக்கு ஜாதகம் எழுதும் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். அதனால்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"இது சாமி பூதம்னு நினைக்காதம்மா. இது சயின்ஸ். பூமி ஒரு காந்தம். வடக்கயும் தெக்கயும் துருவம் இருக்கு. நம்ம ரத்தத்துல இரும்பு ஓடுது. வடக்க தலை வச்சா இரும்பை இழுத்து மூளைக்கு ரத்தம் ஏறிடும். பச்சப்புள்ள தாங்குமா? மாநாட்டுல ஒருத்தர் ஒரு மணி நேரம் விளக்கினாரு. நீதான் பிசிக்ஸ் படிச்ச புள்ளயாச்சே. சொல்லு, நான் சொல்றது தப்பா?"

பூமியின் காந்தப்புலம், ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தின் புலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணியின் இரும்பு மாதிரி இழுபடாது. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் இதைப் பற்றி எட்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் படிப்பில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவதை ஊரில் பத்துப் பேரிடம் சொல்வார்.

"ஆமா மாமா" என்றேன்.

தலையணை தெற்கே வந்தது. குழந்தை வலது பக்கம் திரும்பினான்.

அன்று செல்லதுரையிடம் போனில் சொன்னேன். அவர் டிப்ளமோ படித்தவர். அவருக்கும் தெரியும். "அப்பாகிட்ட நான் பேசுறேன்" என்றார். மறுநாள் அப்பாவும் மகனும் அரை மணி நேரம் பேசினார்கள். மேட்டூர் அணை நீர்மட்டம், எங்கள் வயலில் குழாய் பதிக்க வந்த கம்பெனி. தலையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

பகலில் மாமா இல்லாத நேரம் கட்டிலின் குறுக்கே கிடத்திப் பார்த்தேன். காலை உதைத்து விளிம்புக்கு நகர்ந்தான். மடியில் வைத்தே உட்கார்ந்திருந்தேன். தூங்கும்போது தலையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினேன். கையை எடுத்ததும் திரும்பிக்கொண்டான். மணிக்கு எட்டு முறை திருப்பினேன். இப்படி இரண்டு மாதம் போயிற்று.

ஐந்தாம் மாதம் டாக்டர் கையை விரித்து, சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். மாமா என்ன காரணம் என்று கேட்டார். "சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகுமாம் மாமா" என்றேன். அது இரண்டாவது பொய்.

*

வெள்ளை ஹெல்மெட்டோடு அவன் ஊருக்கு வந்தபோது தெருவே வந்து பார்த்தது.

"என்னடி மலரு, புள்ளைய நேரா ஸ்டேஷன்ல டூட்டிக்கு அனுப்பப் போறியா?" என்றாள் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா. அன்றிலிருந்து அவனுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர்.

சித்திரை வெயில். ஹெல்மெட்டைக் கழற்றினால் முடி நனைந்து ஒட்டியிருக்கும். புளித்த மாவு வாசனை வரும். முதல் வாரம் அழுதுகொண்டே இருந்தான். கையால் தட்டினான், சுவரில் மோதினான். பிறகு பழகிவிட்டது, எனக்குத்தான் பழகவில்லை.

செல்லதுரை தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வருவார். "திருப்பு. பின்பக்கம் காட்டு" என்பார். ஹெல்மெட் போட்டிருக்கிறதே என்றாலும் கேட்க மாட்டார். அங்கே அவர் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கிறார். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரையில் குனிவார். "டேய், பாரு, நானும் போட்டிருக்கேன். எனக்கும்தான் வேர்க்குது. நான் அழறேனா?" இனியன் திரையைத் தொட்டு நக்குவான்.

இங்கே எரிவாயுக் குழாய்க்கு எதிராக அவருடைய அப்பா போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். கடலோரத்திலிருந்து வரும் குழாய் எங்கள் ஊரில் பதினேழு பேர் வயலைக் கடந்தது. எங்கள் வயலும் அதில் ஒன்று. உளுந்து எடுப்பதற்கு முன்னாலேயே, யாரையும் கேட்காமல், மண் தோண்டும் இயந்திரம் இறங்கிவிட்டது. நாற்பது சென்ட் உளுந்து மண்ணுக்குள் போனது. போராட்டக் குழுவுக்கு மாமா தலைவர், பஞ்சநதம் அண்ணன் செயலாளர். தினமும் பத்து மணிக்கு மாமா பந்தலுக்குப் போகும்போது இனியனையும் தூக்கிக்கொண்டு போவார். "நீ குளிச்சு சமைச்சு முடி. நான் பாத்துக்கிறேன்." அது எனக்கு உதவியாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு வாரத்தில் பதினான்கு பதின்மூன்றானது. அடுத்த இரண்டு வாரம், பதின்மூன்றிலேயே நின்றது. சென்னையில் அளவெடுத்த பெண், ஹெல்மெட்டின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் கழட்டி வைக்கிறீங்க?"

"ஒரு மணி நேரம்."

"நிஜமா?"

ரயிலில் வரும் வழியெல்லாம் அந்த 'நிஜமா' கூடவே வந்தது. வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துப் பட்டையில் கோடு போட்டேன். அதற்கு அடுத்த நாள்தான் கோடு தள்ளி நின்றது. அதற்கு அடுத்த நாளும். மூன்றாம் நாள், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தேன். பந்தலுக்கு நடந்தேன்.

அதுவரை நான் அங்கே போனதில்லை. கூட்டம் என்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

முதலில் கண்ணில் பட்டது ஃப்ளெக்ஸ். என் குழந்தையின் தலை, பின்பக்கத்திலிருந்து எடுத்த படம், என் உயரத்துக்கு இருந்தது. கீழே 'நாளை உங்கள் வீட்டுக் குழந்தைக்கும்' என்று எழுதியிருந்தது.

பந்தலுக்குள் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் இனியன். ஹெல்மெட் மேசைமேல் சோடா பாட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. வெளியூர்க்காரர்கள் வரிசையாக வந்து தலையைப் பார்த்தார்கள். ஒரு பெண் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா அறுநூறு மீட்டர்ல கேஸ் கெணறு" என்று பஞ்சநதம் அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தார். "தாய் குடிச்ச தண்ணி. வயித்துல இருக்கிறப்பவே மண்டை அமுங்கிடுச்சி."

நூர்ஜஹான் அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஓரமாக வந்தாள். "உனக்குத் தெரியாதா? யாரு வந்தாலும் கழட்டித்தான் காட்டுறாங்க. நேத்து டிவிக்காரன் வந்தப்ப மூணு மணி நேரம் புள்ள வெறுந்தலையாத்தான் கெடந்தான். நான்கூட சொன்னேன், காத்தோட்டமாவது கிடைக்கட்டும்னு."

"அக்கா, இது கேஸால வந்தது இல்ல."

"பின்ன?"

போய் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன், குழந்தையை வாங்கிக்கொண்டேன். மாமா, "வெயில்ல ஏம்மா வந்தே" என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் ஆரம்பித்தேன். "மாமா, ஹெல்மெட் கழட்டக் கூடாதாம். அளவு நின்னுபோச்சு."

"தெரியும்மா. இன்னும் ரெண்டு நாள். வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. நேர்ல வர்றாரு. அவரு கண்ணால பாத்துட்டா போதும். அப்புறம் நான் தொடக்கூட மாட்டேன்." இனியனின் காலைத் தடவினார். "ஒண்ணு சொல்றேன் மலரு. இவன் தலை இப்படி ஆனதும் நான் ரொம்ப யோசிச்சேன். நம்ம வளர்ப்புல ஏதும் தப்போன்னு. பஞ்சநதம் கெணத்தைப் பத்திச் சொன்னப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு."

நான் உள்ளே போய் அன்றைய அளவை நோட்டில் எழுதினேன்.

*

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆர்.டி.ஓ. வந்தார். இரண்டு ஜீப், ஒரு வேன் நிறையப் போலீஸ். நான் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். காலையில் குளிப்பாட்டியது எட்டிலிருந்து ஒன்பது. அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. கோடு சேர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் மாமாவிடம் கொடுத்திருந்தேன். நாலு முறை பார்த்தேன்.

பஞ்சநதம் அண்ணன் பேசினார். உளுந்தைப் புதைத்தது, நோட்டீஸ் தராதது, வாய்க்கால் கரையை உடைத்தது. ஆர்.டி.ஓ. எழுதிக்கொண்டார். பிறகு அண்ணன், "இதையும் பாத்துட்டுப் போங்க சார்" என்று சொல்லி மைக்கை மாமாவிடம் நீட்டினார்.

மாமா எழுந்தார். ஒரு கையில் குழந்தை. "சார், இவன் என் பேரன்" என்றார். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டையைப் பிடித்து இழுத்தார். பட்டை பிரியும் சத்தம் ஒலிபெருக்கியில் தெருமுழுக்கக் கேட்டது. இனியன் மிரண்டு அழுதான். அந்த அழுகையும் கேட்டது.

எப்படி முன்னால் போனேன் என்று நினைவில்லை. யாரோ ஒருத்தியின் காலை மிதித்தேன்.

"கழட்டாதீங்க மாமா. இன்னிக்கு ஒரு மணி நேரம் ஆயிடுச்சு."

மைக் அவர் கக்கத்தில்தான் இருந்தது. என் குரல் என் பின்னாலிருந்து எனக்கே கேட்டது. வேறு யாரோ பேசுவது மாதிரி.

"நீங்க அம்மாவா?" என்றார் ஆர்.டி.ஓ. "எதனாலம்மா இப்படி ஆச்சு?"

மாமா என்னைப் பார்த்தார். அன்று வாசற்படியில் நின்று பார்த்த அதே பார்வை. படிச்ச புள்ள சொல்லப்போகுது.

"படுக்க வச்சதால சார். ஒரே பக்கம் திரும்பிப் படுத்தான். தலைமாட்டை மாத்திப் போடச் சொல்லி டாக்டர் அப்பவே சொன்னாரு. நான் போடல."

"கேஸ் கெணறு…" என்று இழுத்தார் ஆர்.டி.ஓ.

"அதனால இல்ல சார்."

பின்னால் ஒருவர், "யாரு இந்தம்மாவைக் கூப்பிட்டது" என்றார். மாமா கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினேன். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. அதை இனியன் தலையில் வைத்துப் பட்டையை ஒட்டினேன். கோடு இரண்டு முறை தப்பியது. கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆனா கேக்காம வயல்ல எறங்கினது நிஜம் சார். உளுந்து மண்ணுல இருக்கு. தோண்டிப் பாக்கலாம். அதுக்கு இவன் தலை வேணாம்."

குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைச் சாத்தினேன். பிறகு திறந்தேன். மறுபடி சாத்தினேன்.

பன்னிரண்டரைக்குப் பஞ்சநதம் அண்ணனின் குரல் வாசலில் கேட்டது. மாமாவும் கூடவே வந்திருந்தார்.

"ஒண்ணரை மாசமா எடுத்த பேரை ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டாளே உங்க மருமவ. நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுவான்? எல்லாமே பொய்னு போடுவான். அவ எவ்வளவு வாங்கினான்னு ஊர்ல கேக்குறாங்க, நான் கேக்கல. கத்தார்ல கேஸ் கம்பெனி சோறு திங்கிற வீடுதானே இது."

அண்ணன் போனதும் மாமா உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தார். தெற்கே தலையணை.

"மாத்திப் போடச் சொன்னாருன்னியே. அது இதுதானா? அன்னிக்கு நான் வேணாம்னேனே, அதுவா?"

"ஆமா மாமா."

"அங்க என் பேரைச் சொல்லலியே நீ."

"நான்தானே போடாம விட்டேன்."

"அப்ப காந்தம்?"

"அது ரத்தத்தை இழுக்காது மாமா. அவ்வளவு சக்தி கிடையாது."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"கேட்டேனே. தப்பான்னு கேட்டேனே. ஆமா மாமான்னியே."

"ஆமா மாமா."

"இப்பவும் பாரு" என்றார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மதியம் செல்லதுரை வீடியோவில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் மஞ்சள் ஹெல்மெட் மட்டும் திரையில் தெரிந்தது. "நீயா? மைக்லயா?" என்றார். பிறகு, "நான் அன்னிக்குப் போன்ல சொல்லியிருக்கணும். தண்ணி பத்திப் பேசிட்டு வச்சிட்டேன்" என்றார். பின்பக்கம் காட்டு என்று அன்று கேட்கவில்லை.

நாலு நாள் மாமா என்னோடு பேசவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவார். வயலில் வேலை இரண்டு வாரத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆர்.டி.ஓ. ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தாராம், உளுந்துக் காய் செடியோடு வந்ததாம். அதை நூர்ஜஹான் அக்கா வந்து சொன்னாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மாமாவிடம் இப்போது மைக்கைக் கொடுப்பதில்லை என்றும் அவள்தான் சொன்னாள். பஞ்சநதம் அண்ணன் தலைவராகிவிட்டார். மாமா பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிறாராம். ஃப்ளெக்ஸைக் கழற்றி மடித்து யாரோ உளுந்து மூட்டையை மூடியிருக்கிறார்கள். என் குழந்தையின் தலை எந்தப் பக்கம் மடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மதியம் அறைக்குள் போனேன். எங்கள் கட்டிலில் தலையணை வடக்கே இருந்தது. அதில் மாமா படுத்திருந்தார். கண் திறந்தே இருந்தது.

"ரெண்டு மணி நேரமா படுத்திருக்கேன்" என்றார், நாலு நாளைக்குப் பிறகு. "ஒண்ணும் ஏறல. ஆனா தூக்கம் வரல."

எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தலையணையை எடுக்கவில்லை. வடக்கிலேயே இருந்தது.

"புள்ளையைக் குடு" என்றார்.

எனக்குத் தயக்கமாக இருந்தது. கொடுத்தேன். பின்னாலேயே நானும் போனேன். பந்தலில் குடவாசலிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் இனியனை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தார். "டிவில வந்த புள்ள இதானே? கொஞ்சம் கழட்டிக் காட்டுங்களேன்."

"காலையில எட்டு மணிக்கு வாங்க. குளிப்பாட்டுறப்ப பாக்கலாம்" என்றார் மாமா. "கேஸால இல்ல. நாங்க படுக்க வச்ச கோளாறு. அந்த வயலை வேணா இப்பவே காட்டுறேன், வாங்க."

அவர் வரவில்லை. தன் ஆட்களிடமே போய் உட்கார்ந்துகொண்டார். பஞ்சநதம் அண்ணன் மைக்கைப் பிடித்தபடி எங்களை ஒருமுறை பார்த்தார். மாமா பாயில் உட்கார்ந்து, இனியனை இடது பக்கம் சாய்த்து மடியில் கிடத்திக்கொண்டார். கண்ணில் வெயில் படாமல் துண்டை உயர்த்திப் பிடித்தார்.

நான் குனிந்து பட்டையைப் பார்த்தேன். கோடு சேர்ந்திருந்தது. சோறு வடிக்க வீட்டுக்குப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன்.